பந்தயக் குதிரையின் உடலில் எவ்வளவு மருந்து இருக்கலாம்?

கென்டக்கி டெர்பி 1875 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. இத்தனை ஆண்டுகளில் முதலாவதாக வந்து, பிறகு மருந்துச் சோதனையால் பட்டத்தை இழந்த குதிரைகள் இரண்டே இரண்டு: 1968இல் டான்சர்ஸ் இமேஜ், 2021இல் மெதினா ஸ்பிரிட். இரண்டிலும் அகப்பட்டது, குதிரையை வெறிபிடித்ததுபோல் ஓடவைக்கும் மருந்தென்று நினைத்துவிட வேண்டாம். முதலாவதில் ஃபீனைல்பியூட்டசோன், இரண்டாவதில் பீட்டாமெத்தசோன். வீக்கத்தையும் வலியையும் தணிக்கக் கால்நடை மருத்துவர்கள் அன்றாடம் எழுதித்தருபவை இவை. பயிற்சிக் காலத்தில் கொடுக்கத் தடையில்லை. பந்தய நாளன்று அவற்றின் எச்சம் உடலில் இருந்ததுதான் குற்றமாயிற்று.

ஓடும் குதிரையின் உடலில் எந்த மருந்து, எவ்வளவு இருக்கலாம்? நூறாண்டுக்கும் மேலாகக் கேட்கப்பட்டுவரும் இந்தக் கேள்விக்குப் பொதுவாக மூன்று விடைகள் உண்டு. ஒரு துளியும் கூடாது என்பது ஒன்று. பலன் தராத அளவு இருந்துவிட்டுப் போகட்டும் என்பது இன்னொன்று. குதிரையின் நலனுக்கென்றால் பந்தய நாளன்றேகூடக் கொடுக்கலாம் என்பது மூன்றாவது. முதல் விடை பணம் கட்டுபவரைக் காக்கப் பிறந்தது. இரண்டாவது, நியாயமாக வைத்தியம் பார்க்கும் பயிற்சியாளரைக் காக்கிறது. மூன்றாவது குதிரையைக் காப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. யாரைக் காப்பது என்பதில் உடன்பாடு வராத வரை ஆய்வகத்தின் எண்கள் இந்தத் தகராறைத் தீர்க்கப்போவதில்லை என்றே தோன்றுகிறது.

உமிழ்நீரில் தொடங்கிய தடை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பயிற்சியாளர்கள் சிலர் இங்கிலாந்துக்கு வந்து, குதிரைக்குக் கொக்கெய்ன் போன்ற கிளர்ச்சி மருந்து கொடுக்கும் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தார்கள். அதைத் தடுக்க அப்போது விதி எதுவும் கிடையாது. ஜார்ஜ் லாம்ப்டன் என்ற ஆங்கிலப் பயிற்சியாளர் இதன் ஆபத்தை ஜாக்கி கிளப்புக்கு உணர்த்த ஒரு விசித்திரமான வழியைக் கையாண்டார். முன்கூட்டியே சொல்லிவிட்டு, தன் லாயத்தில் எதற்கும் உதவாதவை எனப் பெயரெடுத்த குதிரைகள் சிலவற்றுக்கு மருந்து கொடுத்து ஓடவிட்டார். அவற்றில் பெரும்பாலானவை ஜெயித்தன. 1903இல் தடை வந்தது.

தடையை அமலாக்கக் கண்டறியும் வழி வேண்டுமே. 1910 வாக்கில் வியன்னாவில் வேதியியலர்கள் குதிரையின் உமிழ்நீரில் ஆல்கலாய்டுகளைக் கண்டறியத் தொடங்கினார்கள். முறை பிரான்சில் வேரூன்றியது; அங்கிருந்து 1930களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனது. 1947இல் பந்தய வேதியியலர்கள் தங்களுக்கெனப் பன்னாட்டுச் சங்கமே அமைத்துக்கொண்டார்கள்.

இந்த முதல் தலைமுறை விதிகளின் கவலை சூதாட்டப் பணத்தைப் பற்றியது. குதிரையின் நலன் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது. குதிரையை ஜெயிக்கவைக்க மட்டும் மருந்து கொடுக்கப்படவில்லை. 1960களின் பிரிட்டனில், எல்லோரும் பணம் கட்டியிருந்த குதிரையைத் தோற்கவைக்க லாயத்துக்குள் புகுந்து மயக்க மருந்து கொடுக்கும் கும்பல்கள் இயங்கின. 1961 எப்சம் டெர்பியில் ஜெயிக்கும் என்று பேசப்பட்ட பின்டூரிஸ்கியோ இப்படித்தான் ஓடாமலே போனது.

விதியின் மிகக் கடுமையான பகுதியும் இக்காலத்தது: மருந்து யார் கொடுத்ததாக இருந்தாலும் பயிற்சியாளரே பொறுப்பு. 1930இல் டான் பாட் என்ற குதிரையின் பயிற்சியாளர் உரிமம் இழந்தார். விவகாரம் அவதூறு வழக்காகி நீதிமன்றம் ஏறியது. 1960இல் அயர்லாந்தின் தலைசிறந்த பயிற்சியாளர் வின்சென்ட் ஓ'பிரையன், ஷாமூர் என்ற குதிரையிடம் மருந்தின் சுவடு கிடைத்ததற்காக வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டே திரும்ப அழைக்கப்பட்டார். நார்ஃபோக் பிரபு தலைமையில் 1961இல் அறிக்கை தந்த குழுவுக்குப் பிறகு, விசாரிக்காமலே உரிமம் பறிக்கும் வழக்கம் பிரிட்டனில் தளர்ந்தது. ஆனாலும் பொறுப்பு பயிற்சியாளருடையது என்ற அடிப்படை இன்றுவரை உலகெங்கும் நிற்கிறது. அதைக் கைவிட்டால் ஒவ்வொரு பயிற்சியாளரும் லாயத்துப் பையனைக் கைகாட்டிவிட்டுப் போய்விடுவார் என்ற வாதத்துக்கு இதுவரை தக்க பதில் வரவில்லை.

மிட்டாய் தின்ற குதிரை

'ஒரு துளியும் கூடாது' என்ற நிலைப்பாட்டின் அழகு அதன் எளிமை. எந்த மருந்து எந்த அளவில் வேகம் தரும் என்று நிபுணர்கள் மோத வேண்டியதில்லை. இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான். உமிழ்நீர்க் காலத்தில் இது பெரும்பாலும் சரியாகவே வேலைசெய்தது. அன்றைய முறைகளுக்கு அகப்படும் அளவு மருந்து இருந்தால், அநேகமாக யாரோ வேண்டுமென்றே கொடுத்திருப்பார்கள்.

பின்னாளில் அப்படியில்லை. 1979இல் நோ பாம்ப்ஸ் என்ற குதிரை, பந்தயத்துக்குப் போகும் வண்டியில் ஒரு மார்ஸ் சாக்லேட்டைத் தின்றுவிட்டது. கோகோவிலுள்ள தியோபுரோமின் சிறுநீரில் வந்தது, வெற்றி பறிபோனது. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் 1967இல் ஹில் ஹவுஸ் என்ற குதிரையின் விவகாரம் அத்தனை எளிதில் சிரிக்கக்கூடியதன்று. அதன் உடலில் கார்ட்டிசால் அளவுக்கு மீறி இருந்தது; நீண்ட விசாரணைக்குப் பின், குதிரையின் உடலே அதை அவ்வளவு சுரக்கிறது என்று தெரியவந்தது. இயற்கையாகச் சுரப்பதை எப்படித் தடைசெய்வது? 1989இல் எப்சம் ஓக்ஸை வென்ற அலிசாவின் சிறுநீரில் கற்பூரத்தோடு தொடர்புடைய ஒரு பொருள் இருந்ததாகப் பட்டம் பறிக்கப்பட்டபோது, உரிமையாளர் ஆகா கான் சோதனை முறையையே எதிர்த்து வாதாடி, தம் குதிரைகளைப் பிரிட்டனிலிருந்து சில ஆண்டுகள் விலக்கிக்கொண்டார்.

தீவனம் இன்னொரு தொல்லை. 2014இல் இங்கிலாந்து அரசியின் எஸ்டிமேட் என்ற குதிரை, ஆஸ்காட் தங்கக் கோப்பையில் இரண்டாவதாக வந்து, கசகசாச் செடி கலந்த தீவனத்தால் உடலில் சேர்ந்த மார்ஃபினுக்காகத் தகுதி இழந்தது. 2019 ஜூனில் ஜப்பானில் தீவனச் சேர்ப்பொன்றில் தியோபுரோமின் கலந்திருந்ததால் 156 குதிரைகள் ஒரே வார இறுதியில் விலக்கப்பட்டன. 2020 அக்டோபரில் ஸில்பாட்டெரால் கலந்த தீவனத்தால் பயிற்சியாளர் எய்டன் ஓ'பிரையனின் குதிரைகள் பாரிஸின் ஆர்க் டி த்ரியோம்ஃப் பந்தயத்துக்கு முந்தைய நாள் விலக நேர்ந்தது. இவர்களில் யாரையும் மோசடிக்காரர் என்று எவரும் சொல்லவில்லை. விதிக்கு மட்டும் அந்த வேறுபாடு தெரியாது.

சிக்கலின் வேர் கருவியில் இருக்கிறது. திரவ நிறப்பிரிகையும் நிறைமாலைமானியும் இணைந்த இன்றைய பொறிகள் பிக்கோகிராமை, அதாவது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கைக் காண்கின்றன. மெதினா ஸ்பிரிட்டிடம் கிடைத்தது மில்லிலிட்டருக்கு 21 பிக்கோகிராம். நாற்பது லிட்டர் இரத்தம் என்று வைத்துக் கணக்கிட்டாலும், ஓடும் இரத்தம் முழுவதிலும் ஒரு மைக்ரோகிராம்கூடத் தேறாது. கருவி கூர்மையாகக் கூர்மையாக, விதியில் ஓர் எழுத்தும் மாறாமலே குற்றத்தின் எல்லை விரிந்துகொண்டு போகிறது.

எவ்வளவு என்றால் அதிகம்?

வரம்பளவு வாதம் இங்கேதான் பிறக்கிறது. இயற்கையாகவோ தீவனத்தாலோ உடலில் இருக்கக்கூடிய பொருள்களுக்கு வரம்பு வைப்பதில் இன்று பெரிய சண்டை இல்லை. கார்ட்டிசால், கோகோவின் தியோபுரோமின், குதிரைமசால் தின்பதால் சேரும் சாலிசிலிக் அமிலம், ஆர்செனிக், கோபால்ட் ஆகியவற்றுக்குப் பன்னாட்டு உடன்படிக்கையிலேயே எண்கள் உண்டு.

மருத்துவ மருந்துகளில்தான் பிளவு. பிரெஞ்சு மருந்தியலர் பியர்-லூயி டூட்டன் 2002இல் முன்வைத்த முறை இதில் திருப்புமுனை. ஒரு மருந்து வேலைசெய்யும்போது இரத்தத்தில் எவ்வளவு இருக்கும் என்று முதலில் கண்டுகொள்வது. அதை 500 போன்ற பாதுகாப்பு எண்ணால் வகுப்பது. அதற்குக் கீழே இருந்தால் அது பலனற்ற எச்சம் என்று கொள்வது. ஐரோப்பிய, பன்னாட்டு அமைப்புகளின் பரிசோதனை வரம்புகள் இந்த வழியையே தழுவியவை. மருந்தை நிறுத்த வேண்டிய நாள்களைப் பயிற்சியாளருக்குச் சொல்ல முடிகிறது என்பது இதன் பெரும்பயன்.

குறைகளும் உண்டு. இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் சில குதிரைகளைக் கொண்டே நடக்கின்றன. மருந்தை மெதுவாக வெளியேற்றும் குதிரை அந்தச் சிலவற்றில் இல்லாமல் போகலாம். மூட்டுக்குள் ஊசி போட்டால் இரத்தத்தில் சுவடு மறைந்த பிறகும் மூட்டில் மருந்து வேலைசெய்துகொண்டிருக்கக்கூடும். தவிர, வரம்பு என்று ஒன்றை அறிவித்துவிட்டால் அதன் விளிம்புவரை கொடுத்துப் பார்ப்பவர்கள் முளைத்துவிடுவார்கள்.

டான்சர்ஸ் இமேஜ் வழக்கு இந்தத் தடுமாற்றத்தின் முதல் பாடம். கணுக்காலில் கோளாறு இருந்த குதிரைக்குப் பந்தயத்துக்குச் சில நாள் முன்பு மருந்து கொடுக்கப்பட்டது. அதற்குள் வெளியேறியிருக்க வேண்டிய மருந்து சோதனையில் வந்தது. உரிமையாளர் பீட்டர் ஃபுல்லர் ஆண்டுக்கணக்கில் வழக்காடித் தோற்றார். பட்டம் ஃபார்வர்டு பாஸுக்குப் போனது. 1970களில் அதே மருந்தைப் பந்தய நாளிலேயே கென்டக்கி அனுமதித்தது. பட்டம் மட்டும் திரும்பவில்லை.

மெதினா ஸ்பிரிட் வழக்கில் வாதம் இன்னும் நுணுகியது. மருந்து மூட்டில் போட்ட ஊசியால் வந்ததன்று, தோல் நோய்க்குப் பூசிய களிம்பால் வந்தது என்றது பயிற்சியாளர் பாப் பாஃபர்ட்டின் தரப்பு. எந்த வழியில் வந்தாலும் பந்தய நாளன்று இருக்கக் கூடாது என்றார்கள் அதிகாரிகள். 2022 பிப்ரவரியில் பட்டம் மாண்டலூனுக்கு மாறியது. குதிரை அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், பயிற்சி ஓட்டத்தின் முடிவில் சாண்டா அனிடாவில் விழுந்து இறந்திருந்தது.

வலி மருந்தைப் பற்றிய அச்சத்துக்கு வலுவான ஆதாரம் இருப்பது வேறோர் இடத்தில். கலிஃபோர்னியாவில் பந்தயத் தடங்களில் இறக்கும் குதிரைகளை 1990 முதல் உடற்கூறாய்வு செய்துவருகிறார்கள். உயிரைப் பறித்த எலும்பு முறிவுகளில் பெரும்பாலானவற்றில், முறிந்த இடத்திலேயே பழைய காயத்தின் அறிகுறி இருந்தது. அந்த வலியை மருந்து மறைத்திருந்தால் குதிரை நொண்டியிருக்காது. மருத்துவரும் தடுத்திருக்க மாட்டார். ஒவ்வொரு சாவுக்கும் மருந்தே காரணம் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது மிகை. தடத்தின் தன்மை, ஓட்டங்களின் நெருக்கம், வயது என்று பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஆயினும் எச்சத்தின் அளவைவிட, மருந்து கொடுத்த நாளுக்கும் ஓடிய நாளுக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும் என்ற வாதத்துக்கு இது துணைநிற்கிறது.

லேசிக்ஸ் என்ற தனி வழக்கு

மற்ற எல்லா மருந்துகளையும்விட நீண்ட சண்டையைக் கிளப்பியது ஃபுரோசிமைடு, வணிகப் பெயரில் லேசிக்ஸ். மனிதருக்கு இதய நோயிலும் உடல் வீக்கத்திலும் கொடுக்கும் அதே சிறுநீர் பெருக்கிதான்.

முழு வேகத்தில் ஓடும் குதிரையின் நுரையீரல் நாளங்களில் அழுத்தம் அளவுகடந்து ஏறி நுண்குழாய்கள் வெடிக்கின்றன. மூக்கில் இரத்தம் வழிவது அரிது. ஆனால் ஓட்டம் முடிந்ததும் உள்நோக்கியைச் செலுத்திப் பார்த்தால் பாதிக்கும் மேற்பட்ட குதிரைகளின் மூச்சுக்குழாயில் இரத்தம் தெரியும் என்று 1980களின் தொடக்கத்திலேயே காட்டப்பட்டது. லேசிக்ஸ் அந்த அழுத்தத்தைக் குறைக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் 1970களில் ஒவ்வொன்றாக இதைப் பந்தய நாளன்று அனுமதித்தன. கடைசியாக 1995இல் நியூயார்க் பணிந்தது. பிறகு அமெரிக்காவில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குதிரைகள் லேசிக்ஸ் போட்டுக்கொண்டே ஓடின. ஐரோப்பா, ஜப்பான், ஹாங்காங், ஆஸ்திரேலியா ஆகியவை பயிற்சியில் விட்டாலும் பந்தய நாளில் அனுமதிப்பதில்லை.

மருந்து உண்மையிலேயே வேலைசெய்கிறதா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் 167 குதிரைகளை ஒரு முறை லேசிக்ஸுடனும் ஒரு முறை வெறும் உப்புநீருடனும் ஓடவிட்டு நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. உப்புநீருடன் ஓடியபோது இரத்தக்கசிவுக்கான வாய்ப்பு மூன்று நான்கு மடங்கு கூடுதல். இந்தத் துறையில் இத்தனை தெளிவான முடிவு அபூர்வம். ஆதரவாளர்கள் இதைக் கையில் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

எதிர்த்தரப்பின் கையில் 1999இல் வந்த ஆய்வு இருக்கிறது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளின் பந்தயப் பதிவுகளைப் பார்த்ததில், லேசிக்ஸ் போட்டவை வேகமாக ஓடின, அதிகம் ஜெயித்தன. காரணம் கசிவு குறைந்ததா, சிறுநீராகப் பத்துக் கிலோவுக்கு மேல் எடை இறங்கியதா என்பதை அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எடை குறைவதே காரணமென்றால், நலன் என்ற பெயரில் வேகத்தை அனுமதித்ததாகிவிடும். சிறுநீர் நீர்த்துப்போவதால் மற்ற மருந்துகள் மறைந்துவிடும் என்ற பழைய கவலை, இரத்தச் சோதனை வந்த பிறகு பெரிதும் தணிந்துவிட்டது.

இரு தரப்பிலும் சங்கடமான இடங்கள் உண்டு. கசிவு அவ்வளவு கொடியதென்றால் லேசிக்ஸ் இல்லாமல் உலகின் பிற நாடுகளில் பந்தயம் எப்படி நடக்கிறது என்பதற்கு ஆதரவாளர்களிடம் திருப்தியான பதில் இல்லை. பயிற்சியில் கொடுத்துவிட்டுப் பந்தயத்தில் மட்டும் தடுப்பது குதிரைக்கு என்ன நன்மை என்பதற்கு எதிர்ப்பாளர்களிடமும் இல்லை. 2021 கென்டக்கி டெர்பி லேசிக்ஸ் இல்லாமல் ஓடப்பட்டது. இரண்டு வயதுக் குதிரைகளுக்கும் முதன்மைப் பந்தயங்களுக்கும் இன்று அமெரிக்காவில் தடை நிலவுகிறது.

சோதனையில் சிக்காதவர்கள்

வரம்பைப் பற்றிய இத்தனை விவாதமும் சோதனையில் அகப்படுபவர்களைப் பற்றியதே. கடந்த பதினைந்து ஆண்டுகளின் பெரிய வழக்குகளைப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது.

2012இல் அமெரிக்காவில், தென்னமெரிக்கத் தவளையொன்றின் தோலில் சுரக்கும் டெர்மார்ஃபின் என்ற கடுமையான வலிநீக்கியைக் குதிரைகளுக்குக் கொடுப்பதாகப் பேச்சு அடிபட்டது. வழக்கமான சோதனைகளில் ஒன்றும் வரவில்லை. எதைத் தேட வேண்டும் என்று தெரிந்த பிறகு கொலராடோ ஆய்வகம் ஒன்று புதிய முறையை உருவாக்கியது; முப்பதுக்கும் மேற்பட்ட குதிரைகள் சிக்கின. 2013இல் இங்கிலாந்தில் கோடால்ஃபின் லாயத்துக்குள் அதிகாரிகள் நேரே போய் மாதிரி எடுத்தபோதுதான் அனபாலிக் ஸ்டீராய்டுகள் வெளிப்பட்டன; பயிற்சியாளர் மஹ்மூத் அல் சரூனிக்கு எட்டு ஆண்டுத் தடை. பந்தய நாள் மாதிரியை மட்டும் நம்பியிருந்தால் அவை தப்பியிருக்கும். ஆஸ்திரேலியாவில் குதிரைகளுக்குச் சோடா உப்புக் கரைசல் கொடுத்து ஆண்டுக்கணக்கில் நடந்த மோசடி 2018இல் 271 குற்றச்சாட்டுகளாக வெடித்தது. அதன் முதுகெலும்பு கைப்பேசிக் குறுஞ்செய்திகள்.

எல்லாவற்றையும்விடப் பேசப்பட்டது 2020 மார்ச்சில் நியூயார்க்கில் தாக்கலான குற்றப்பத்திரிகை. ஜார்ஜ் நவாரோ, ஜேசன் சர்விஸ் உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்டோரை எஃப்.பி.ஐ. பிடித்தது தொலைபேசி ஒட்டுக்கேட்பால். நவாரோவுக்கு ஐந்து ஆண்டும் சர்விஸுக்கு நான்கு ஆண்டும் சிறை. சர்விஸின் மேக்சிமம் செக்யூரிட்டி என்ற குதிரை குற்றப்பத்திரிகைக்குச் சில நாள்களுக்கு முன்புதான் முதல் சவூதி கோப்பையில் முதலாவதாக வந்திருந்தது.

இங்கே ஒரு கசப்பான முரண் இருக்கிறது. களிம்பு பூசியவர் பட்டம் இழக்கிறார். திட்டமிட்டு ஏய்ப்பவர் சோதனையில் தேறிவிடுகிறார். கோபால்ட் இதற்கு நடுவே நிற்கும் வகை. இரத்தச் சிவப்பணுவைப் பெருக்கும் என்று நம்பி ஆஸ்திரேலியாவில் பலர் கொடுத்தார்கள். குதிரையில் அது வேலைசெய்கிறது என்பதே உறுதிப்படவில்லை. பலனில்லாத மருந்தைக் கெட்ட எண்ணத்தோடு கொடுப்பதை எந்த வரம்பளவால் அளப்பது?

விதி யார் கையில்

அமெரிக்காவில் நெடுங்காலம் மாநிலத்துக்கு ஒரு விதி. ஒரு மாநிலத்தில் சட்டப்படி ஓடிய குதிரை எல்லை தாண்டினால் குற்றவாளி. 2008இல் கென்டக்கி டெர்பியை வென்ற பிக் பிரவுன் ஸ்டானசோலால் என்ற ஸ்டீராய்டு பெற்றதைப் பயிற்சியாளரே வெளிப்படையாகச் சொன்னார். டெர்பி நடந்த மாநிலத்தில் அது தவறில்லை. நாடாளுமன்ற விசாரணை, 2018-19 பருவத்தில் சாண்டா அனிடாவில் தொடர்ந்த குதிரைச் சாவுகள், நியூயார்க் வழக்கு எல்லாம் சேர்ந்து 2020 டிசம்பரில் மத்தியச் சட்டமாயின. அதன் மருந்துத் தடுப்புத் திட்டம் 2023 மே 22 முதல் நடைமுறையில் உள்ளது. அந்தச் சட்டம் செய்ததுபோலத் தனியார் அமைப்புக்கு அரசின் அதிகாரத்தைக் கொடுக்கலாமா என்ற வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் மாறுபட்டுத் தீர்ப்பளித்தன. 2025இல் உச்ச நீதிமன்றம் அவற்றை மறுபரிசீலனைக்கே திருப்பி அனுப்பியது. லாயத்து ஊழியர்களின் சொந்த மாத்திரைகளால் வரும் மெட்ஃபார்மின் போன்ற சுவடுகளை எப்படி நடத்துவது என்பது புதிய அமைப்புக்கும் ஆரம்பம் முதலே தலைவலி.

இந்தியாவுக்கும் இதில் ஒரு சட்டத் தொடர்பு உண்டு, அதுவும் சென்னை வழியாக. தமிழ்நாடு அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையின் விளையாட்டு, சூதாட்டமன்று என்றது. குதிரையின் வேகம், தாங்குதிறன், பயிற்சி, ஜாக்கியின் ஆற்றல் ஆகியவற்றை எடைபோட்டுப் பணம் கட்ட முடியும் என்பது அந்தத் தீர்ப்பின் அடித்தளம். பணம் கட்டுபவருக்குத் தெரியாத மருந்து உடலில் இருந்தால் எடைபோடுவது வீண். கிண்டியில் ஆகட்டும், பெங்களூரில் ஆகட்டும், மருந்து விதி ஒழுக்கப் பிரச்சினை என்பதற்கு முன் பந்தயத்தின் சட்டத் தகுதியையே தொடும் பிரச்சினை.

இன்னும் தெளியாதவை

கிளர்ச்சியூட்டிகள், அனபாலிக் ஸ்டீராய்டுகள், இரத்தம் பெருக்கிகள் எந்த நாளிலும் கூடாது என்பதில் இன்று ஏறத்தாழ உலகளாவிய உடன்பாடு உண்டு. தீவனத்தாலும் மனித மருந்தாலும் வரும் சுவடுகளுக்குக் கீழெல்லை தேவை என்பதிலும் கருத்து நெருங்கிவருகிறது; எல்லை எங்கே என்பதில் இல்லை. லேசிக்ஸில் வேகத்தையும் நலனையும் பிரித்துக்காட்டும் ஆய்வு வரும்வரை தீர்ப்பு சொல்வது அவசரம். சவூதி கோப்பை முதல் மெல்பர்ன் கோப்பை வரை குதிரைகள் நாடு நாடாகப் பறக்கும் காலத்தில், நாட்டுக்கொரு வரம்பு நீடிக்க முடியாது என்பது மட்டும் தெளிவு.

இந்தச் சச்சரவில் மிகக் குறைவாகப் பேசப்படுவது சிகிச்சைப் பதிவேடு. எந்தக் குதிரைக்கு, எந்த நாளில், எந்த மருந்து, எதற்காக என்ற குறிப்பு பந்தயத்துக்கு முன்பே கையில் இருந்தால் எண்களைப் பற்றிய பாதிச் சண்டைக்கு இடமிருக்காது. மறைப்பவரைப் பிடிக்க அப்போதும் சோதனையும் உளவும் வேண்டியிருக்கும். ஆனால் களிம்பு பூசியவரும் ஊசி போட்டவரும் ஒரே கூண்டில் நிற்க வேண்டியிருக்காது. இது நடவாத காரியமுமன்று. ஹாங்காங் ஜாக்கி கிளப் தன் குதிரைகளின் மருத்துவக் குறிப்புகளை, பணம் கட்டும் எவரும் படிக்கும்படி, நெடுங்காலமாகவே வெளியிட்டுவருகிறது.